தொப்புள்கொடி ரத்தம் யாருக்கு உரியது?

குழந்தை பிறந்து தொப்புள்கொடியை வெட்டிய பிறகு, கொடியிலும் நஞ்சிலும் தங்கிவிடும் ரத்தம் அரை டம்ளர் தேறினாலே அதிகம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை அது பிரசவ அறைக் கழிவுகளோடு போயிற்று. இன்று அதற்கு ஒரு விலை உண்டு, ஒப்பந்தப் பத்திரம் உண்டு, தவணைத் திட்டமும் உண்டு. ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் கர்ப்பிணியின் கைக்கு விளம்பரக் கையேடு வந்துவிடுகிறது. வளைகாப்பு முடிவதற்குள் விற்பனைப் பிரதிநிதியின் அழைப்பும் வந்துவிடுகிறது. கேள்வி எளிமையாகத்தான் ஒலிக்கிறது. இந்த ரத்தத்தை உங்கள் குழந்தைக்கென்று பணம் கட்டிச் சேமிக்கிறீர்களா, முகம் தெரியாத ஒருவருக்குத் தானமாகக் கொடுக்கிறீர்களா, இரண்டும் வேண்டாம் என்று விடுகிறீர்களா? முதல் வழிக்குப் பாசம் என்றும், இரண்டாவதற்குத் தருமம் என்றும், மூன்றாவதற்கு அலட்சியம் என்றும் சொல்லாமலே பெயர் வைத்துவிடுகிறார்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் ஏதோ ஒரு குற்றவுணர்வு ஒட்டிக்கொள்கிறது.

இந்த மூன்று பெயர்களும் பொருந்தவில்லை என்பதே என் வாதம். தன் பிள்ளையா, ஊரார் பிள்ளையா என்ற பழைய தராசில் இந்த ரத்தத்தை வைத்து நிறுக்க முடியாது. ஒருவருடைய தொப்புள்கொடி ரத்தம் அவருக்கே உதவுவது மிக அரிது. இன்னொருவருக்கு உதவுவதுதான் அதன் இயல்பு. இதை முதலில் புரிந்துகொண்டால், அந்த ரத்தத்தின்மேல் யாருக்கெல்லாம் உரிமை உண்டு, எந்த வரிசையில் உண்டு என்பது ஓரளவு தெளிவாகும். முதல் உரிமை, பிறக்கும் அந்தக் கணத்தில் அந்தக் குழந்தைக்கே. அடுத்தது, அதே வீட்டில் நோயோடு இருக்கும் உடன்பிறப்புக்கு. மூன்றாவது, யாரென்றே தெரியாத நோயாளிக்கு. என்றோ வரக்கூடும் என்று நாம் கற்பனை செய்யும் நோய்க்காகப் பூட்டிவைப்பது கடைசி வரிசையில்தான் நிற்கிறது. விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைக்கின்றன. அது மருத்துவத் தவறு மட்டும்தான் என்றால் மருத்துவர்களிடமே விட்டுவிடலாம். உடைமை, கடமை, தானம் ஆகியவற்றைப் பற்றிய நம் எண்ணங்களையும் அது குழப்புவதால், கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வரலாறு. 1988 அக்டோபரில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில், எலியான் க்ளுக்மன் தலைமையிலான மருத்துவர்கள் உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றைச் செய்தார்கள். நோயாளி ஓர் அமெரிக்கச் சிறுவன். எலும்பு மஜ்ஜையைச் சிறுகச் சிறுகச் செயலிழக்கச் செய்யும் ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் அவனுக்கு இருந்தது. அவனுக்கு ஏற்றப்பட்டது அப்போதுதான் பிறந்திருந்த தங்கையின் தொப்புள்கொடி ரத்தம். அதை உறையவைத்துக் காக்கும் முறையை இண்டியானாவில் ஹால் ப்ராக்ஸ்மையரின் ஆய்வுக்கூடம் வகுத்திருந்தது. ரத்த அணுக்கள் அனைத்தையும் பிறப்பிக்கவல்ல ஸ்டெம் செல்கள் இந்த ரத்தத்தில் செறிந்திருக்கின்றன, புது உடலில் அவை வேரூன்றுகின்றன என்பது அன்று உறுதியாயிற்று. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் முதல் பொது வங்கியைத் தொடங்கினார். அதற்குப் பிறகு உலகெங்கும் பல்லாயிரக்கணக்கான மாற்றுகள் நடந்துவிட்டன. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தங்கையின் ரத்தம் தங்கையைக் குணமாக்கவில்லை, அண்ணனைக் குணமாக்கியது. தொடக்கமே அப்படித்தான்.

இது தற்செயலா என்றால், இல்லை. தலசீமியா, அரிவாள் செல் நோய், ஃபான்கோனி ரத்தசோகை, பிறவியிலேயே நோய் எதிர்ப்பு இல்லாமை போன்றவை மரபணுக் குறையால் வருபவை. அந்தக் குறை குழந்தையின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கிறது. பல பத்தாயிரம் ரூபாய் செலவழித்துச் சேமித்த பை, எந்த நோய்க்காகத் தேவைப்படுகிறதோ அந்த நோயையே சுமந்துகொண்டிருக்கும். ரத்தப் புற்றுநோயிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி அட்டையில் உலர்த்தி வைத்த ரத்தத் துளிகளை, பிற்பாடு லுக்கீமியா வந்த குழந்தைகளின் விஷயத்தில் 1990களில் எடுத்து ஆராய்ந்தார்கள். நோய்க்கு வித்திட்ட மரபணுப் பிறழ்வு, பிறந்தபோதே அந்தத் துளிகளில் இருந்தது பலரிடம் தெரியவந்தது. இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. ரத்தப் புற்றுநோய்க்கான மாற்று சிகிச்சையில் நோயாளியைக் காப்பாற்றுவது புதிய ரத்தம் மட்டுமல்ல. எஞ்சிய புற்றணுக்களை அந்நியம் என்று கண்டு அழிக்கும் புதிய எதிர்ப்பு அணுக்களும்தான். சொந்த ரத்தத்துக்கு அந்தக் கண் கிடையாது. புற்றணுவையும் அது வீட்டாள் என்றே நினைக்கும்.

ஆகவேதான் உலகின் பொறுப்பான மருத்துவ அமைப்புகள் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. தன் ரத்தம் தனக்கே தேவைப்படும் வாய்ப்பு பற்றிய மதிப்பீடுகள் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு லட்சத்தில் ஒன்று வரை விரிந்து கிடப்பதை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007-ல் சுட்டிக்காட்டியது. 2017-ல் அது பொது வங்கிகளுக்கே முன்னுரிமை என்று மீண்டும் சொன்னது. நம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், எதிர்காலத்தில் தனக்கே பயன்படும் என்று இந்த ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்கின்றன. மூத்த குழந்தைக்கு இந்த ரத்தத்தால் குணப்படுத்தக்கூடிய நோய் இருந்து, தாய் மறுபடி கருவுற்றிருக்கும்போது சேமிப்பதை மட்டும் அவை தகுந்த காரணமாக ஏற்கின்றன. பிரான்சில் சுய உபயோகத்துக்கான தனியார் சேமிப்புக்கு அனுமதி இல்லை. இத்தாலி தன் மண்ணில் தனியார் வங்கிகளை அனுமதிப்பதில்லை. இவர்கள் எல்லோரும் பாசத்துக்கு எதிரிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த மருத்துவ உண்மைக்குள் ஒரு தத்துவம் இருக்கிறது. நம் சமூகத்தில் நெருக்கத்தின் உச்சத்தைச் சொல்ல ரத்த உறவு என்கிறோம். ஆனால் ரத்தம் மாற்றும் மருத்துவத்தில் உறவின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஹெச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளம் உடன்பிறந்த இருவருக்கு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பெற்றோரோடு பாதிதான் பொருந்தும். ஒரே வயிற்றில் பிறந்தவர் கைவிட, வேறு நாட்டில் வேறு மொழி பேசும் ஒருவர் பொருந்திவரலாம். தொப்புள்கொடி ரத்தத்தின் தனிச்சிறப்பும் இங்கேதான் வருகிறது. அதன் எதிர்ப்பு அணுக்கள் இன்னும் பக்குவப்படாதவை என்பதால், முழுப் பொருத்தம் இல்லாவிட்டாலும், வழக்கமாகப் பார்க்கும் ஆறு குறிகளில் நான்கு ஒத்தால்கூடப் பயன்படுத்த முடிகிறது. கலப்பு இனத்தில் பிறந்தவர்கள், பதிவேடுகளில் தம் இனத்தவர் குறைவாக உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பலமுறை கடைசி வழியாக இருந்திருக்கிறது. 2022-ல் அறிவிக்கப்பட்ட நியூயார்க் பெண்ணின் கதையை எடுத்துக்கொள்ளலாம். ஹெச்.ஐ.வி.யும் லுக்கீமியாவும் இருந்த கலப்பினப் பெண் அவர். ஹெச்.ஐ.வி.க்கு இடங்கொடாத அரிய மரபணு கொண்ட ஒரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம், உறவினர் ஒருவரின் ஸ்டெம் செல்களோடு சேர்த்து அவருக்கு ஏற்றப்பட்டது. இரண்டு நோய்களும் விலகின. அந்தக் குழந்தையின் பெற்றோர் அதைப் பூட்டி வைத்திருந்தால், அந்த அரிய மரபணு யாருக்கும் உதவாத அரிய மரபணுவாகவே இருந்திருக்கும்.

சமயங்கள் இதில் என்ன சொல்கின்றன? அனுமதி உண்டா என்று கேட்டால் அநேகமாக எல்லோருக்கும் சம்மதம்தான். மனிதக் கருக்களை அழித்து எடுக்கும் ஸ்டெம் செல்களைக் கடுமையாக எதிர்க்கும் கத்தோலிக்கத் திருச்சபை, 2008-ல் வெளியிட்ட 'டிக்னிதாஸ் பெர்சோனே' அறிவுறுத்தலில், பிறப்பின்போது தொப்புள்கொடியிலிருந்து எடுப்பதை ஏற்றுக்கொண்டது. 2003-ல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் இஸ்லாமிய ஃபிக்ஹ் கவுன்சிலும், பெற்றோர் ஒப்புதலோடு நஞ்சிலிருந்தோ கொடியிலிருந்தோ எடுப்பதை ஆகுமான வழிகளில் சேர்த்தது. இந்து மரபுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஒரே பீடம் கிடையாது. உடலைத் தானமாக்கிய கதைகள் ஏராளமாக உண்டு. ஆனால் கூடும் என்பது ஒன்று, வேண்டும் என்பது வேறு. திருக்குறள் இங்கே உதவுகிறது. அது ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் ஒப்புரவறிதல் என்று தனியாக இன்னோர் அதிகாரமும் வைத்திருக்கிறது. ஈகை, இல்லை என்று வந்தவருக்கு இருப்பவர் கொடுப்பது. அங்கே கொடுப்பவரும் பெறுபவரும் முகம் பார்க்கிறார்கள். ஒப்புரவு ஊரோடு சேர்ந்து வாழ்வதன் கடமை. அங்கே பெறுபவர் யார் என்பதே கேள்வி இல்லை. தொப்புள்கொடி ரத்தத்தைப் பொது வங்கிக்குக் கொடுப்பது இரண்டாவது வகை. யாருக்குப் போகிறது என்று கொடுத்தவருக்குத் தெரியாது. போகாமலே வருடக்கணக்கில் கிடக்கவும் கூடும். ஆனால் தம் குழந்தைக்கே ஒருநாள் தேவை வந்தால், அதேபோல முகம் தெரியாத ஒருவர் முன்பே கொடுத்திருப்பதை நம்பித்தான் அவர்களும் நிற்க வேண்டும். சேமிப்பவருக்கும் இதே நிலைதான். அவர் சேமித்த பை அந்த நம்பிக்கைக்கு மாற்றாகாது.

ஆனால் தானத்தைப் புகழ்வதில் அவசரப்படக் கூடாது. தானம் என்றால் யாருடையதை யார் கொடுப்பது என்ற கேள்வியை நம் இலக்கியமே கூர்மையாக முன்வைத்திருக்கிறது. சிபி புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்தான். சிறுத்தொண்டர், அடியார் வேடத்தில் வந்த சிவனுக்காகத் தன் மகன் சீராளனை அரிந்து சமைத்தார். அவர் கதையைச் சொல்லும் பெரியபுராணம், தியாகத்தையும்விடப் பெரிய பக்தியைச் சொல்ல வந்தது. இறுதியில் பிள்ளையும் திரும்பி வருகிறான். இருந்தும் சிபி கதையைச் சொல்லும்போது எழாத ஒரு நடுக்கம் சிறுத்தொண்டர் கதையில் எழுகிறது. சிபி கொடுத்தது தன்னுடையது. சிறுத்தொண்டர் கொடுத்தது பிள்ளையினுடையது. தொப்புள்கொடி ரத்தமும் உடற்கூற்றுப்படி தாயுடையது இல்லை. அது குழந்தையின் ரத்தம். குழந்தையின் இதயம் ஓட்டிய ரத்தம், கொடி வழியே நஞ்சுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ரத்தம். அதைப் பெற்றோர் ஊருக்குக் கொடுத்தாலும், வங்கியில் வைத்தாலும், தமதல்லாத ஒன்றின் மேல்தான் தீர்மானம் எடுக்கிறார்கள். அவர்கள் உரிமையாளர்கள் அல்ல, பொறுப்பாளர்கள். பொறுப்பாளரின் முதல் கேள்வி, இதை எடுப்பதால் இந்தக் குழந்தைக்கு இழப்பு உண்டா என்பதாகத்தான் இருக்க முடியும்.

இழப்பு உண்டு என்பதுதான் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் கற்றுத்தந்த பாடம். பிறந்தவுடன் கிளாம்ப் போட்டுக் கொடியை வெட்டினால் நஞ்சில் நிறைய ரத்தம் தங்கும், சேகரிப்பவருக்கு நல்லது. ஓரிரு நிமிடம் பொறுத்தால் அதில் பெரும்பகுதி குழந்தைக்குள் இறங்கிவிடும். முதல் நிமிடத்திலேயே ஏறக்குறைய 80 மில்லி, மூன்று நிமிடத்தில் 100 மில்லி வரை. மூன்று கிலோ எடையுள்ள ஓர் உயிருக்கு இது சிறிய அளவே இல்லை. சுமார் 400 குழந்தைகளை வைத்துச் சுவீடனில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், நான்காம் மாதத்தில் இரும்புச்சத்துக் குறைபாடு, உடனே வெட்டிய குழந்தைகளில் 5.7 விழுக்காடு, மூன்று நிமிடம் பொறுத்தவர்களில் 0.6 விழுக்காடு. குறைமாதக் குழந்தைகளில் பொறுத்து வெட்டுவது இறப்பு அபாயத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது என்று 2023-ல் 'லான்செட்' வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இப்படிப்பட்ட நாட்டில், வராத நோய்க்காகப் பையில் எடுப்பதா, வரப்போகும் சோகையைத் தடுக்க உடம்புக்குள் விடுவதா என்ற கேள்விக்கு விடை தேட அதிக நேரம் ஆகாது. எனவே தானத்துக்கும் இந்த நிபந்தனை உண்டு. குழந்தைக்கு உரியது போனபிறகு மிஞ்சுவதை மட்டுமே கொடுக்கலாம். அப்படி மிஞ்சுவது பொது வங்கி கேட்கும் அளவுக்குப் போதாமல் போகலாம். போதாவிட்டால் விட்டுவிடுவதே சரி. முதல் பத்தியில் அலட்சியம் என்று பெயர் பெற்ற மூன்றாவது வழி, பல வீடுகளில் ஆக நல்ல வழியாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு தமிழ் வாதத்தையும் பார்த்துவிட வேண்டும். உலர்ந்து விழுந்த கொடித் துண்டை வெள்ளித் தாயத்துக்குள் வைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்டெம் செல்லை முன்னோர் அறிந்திருந்தார்கள், பிற்காலத்தில் நோய் வந்தால் அதை அரைத்துக் கொடுக்கத்தான் தாயத்து கட்டினார்கள் என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தி, சேமிப்பு வணிகத்துக்கு மரபின் முத்திரையைப் பெற்றுத்தருகிறது. உலர்ந்த துண்டில் உயிருள்ள செல் எதுவும் இருக்காது. ஸ்டெம் செல்லைக் காக்க வேண்டுமானால், உறைதலில் செல் வெடித்துவிடாமல் காக்கும் மருந்து சேர்த்து, படிப்படியாகக் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டும். இதைச் சொல்வதால் தாயத்தை இழிவுபடுத்தியதாகாது. தாயோடு இருந்த பிணைப்பின் மிச்சத்தை எறிய மனம் வராத வாஞ்சையில் பிறந்த வழக்கம் அது. காத்தருள வேண்டும் என்ற வேண்டுதலும் அதில் இருக்கிறது. வேண்டுதலுக்குச் செல் எண்ணிக்கை தேவையில்லை. சிக்கல் எங்கே என்றால், அந்த வாஞ்சையையே எடுத்து மருத்துவ உத்தரவாதம் போல விற்கும்போதுதான். வேண்டுதலாக இருந்தவரை நேர்மையாக இருந்த ஒன்று, ரசீது போட்டதும் பொய்யாகிவிடுகிறது.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, இருப்பதிலேயே வலுவானது: பெற்றோரின் கடமை தம் பிள்ளைக்கே, ஊரார் கணக்கை அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்? இந்தக் கடமையை நான் மறுக்கவில்லை. எல்லா உயிரையும் சமமாகப் பார் என்று ஒரு தாயிடம் சொல்லும் அறம் மனிதருக்கான அறம் ஆகாது. ஆனால் கடமை என்பது பயன்பட வேண்டிய ஒன்று; செய்தேன் என்ற நிறைவுக்காக மட்டும் செய்யப்படும் செயலைக் கடமை என்று அழைக்க முடியாது. பல பத்தாயிரம் ரூபாயை அந்தக் குழந்தைக்கே செலவிட வழிகள் இருக்கின்றன. மருத்துவக் காப்பீடு, தாயின் ஊட்டம், விலை அதிகமான தடுப்பூசிகள் ஆகிய எதை எடுத்தாலும் பலன் இதைவிட நிச்சயமானது. தம் பிள்ளைக்கே முதலிடம் என்பவர்தான் இந்தப் பணத்தை வேறிடத்தில் போட வேண்டும். அதே கடமை, வீட்டில் மூத்த குழந்தைக்குத் தலசீமியா இருந்தால் திசையை முற்றிலும் மாற்றிக்கொள்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகள் இந்த நோயோடு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்காமல் விடுவதுதான் அலட்சியம். அதை ஒரு குழந்தையை இன்னொன்றுக்குக் கருவியாக்குவதாகவும் கருத முடியாது. ஊசியின் வலிகூட இல்லாமல், தனக்கு உரியது போக மிஞ்சியதில் அது அண்ணனுக்கோ அக்காவுக்கோ உதவுகிறது.

இரண்டாவது மறுப்பு எதிர்காலத்தைக் காட்டுகிறது. இன்று பயனில்லை, நாளை மருத்துவம் வளர்ந்து ஆட்டிசம், மூளைவாதம், சர்க்கரை நோய் எல்லாவற்றுக்கும் இதுவே மருந்தானால்? இது, கடவுளை நம்புவது பற்றித் தத்துவஞானி பாஸ்கல் முன்வைத்த பந்தயத்தின் மறுபதிப்பு. பலன் முடிவில்லாதது என்று வைத்துக்கொண்டால், வாய்ப்பு எவ்வளவு சிறியதானாலும் பணயம் வைப்பதே அறிவு என்று அந்த வாதம் போகும். அந்த வாதத்தின் பலவீனம் பழையது: அது எதையும் நியாயப்படுத்திவிடும். தொப்புள்கொடித் தசையையும், விழுந்த பால்பல்லையும், மாதவிடாய் ரத்தத்தையும் சேமித்துத் தருவதாக நிறுவனங்கள் இப்போதே கூப்பிடுகின்றன. ஒரே தர்க்கம் அத்தனைக்கும் பொருந்துகிறது. சான்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளை வைத்து நடந்து 2020-ல் வெளியான ஆய்வு, தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. மூளைவாதத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்திருப்பது உண்மை. ஆனால் அந்த நோய்க்காகக் கொரியாவில் நடந்த 2013 ஆய்வு பிறருடைய தொப்புள்கொடி ரத்தத்தையே பயன்படுத்தியது. அங்கேயும் தன்னுடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் நிரூபணமாகவில்லை. தன் செல்தான் வேண்டும் என்ற காலம் வந்தாலும், ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா காட்டிய வழியில் தோல் செல்லையே ஸ்டெம் செல் போல மாற்ற முடிகிறது. உறையவைத்த ரத்தம் நெடுநாள் கெடாது என்பதை ஏற்கிறேன். 27 ஆண்டுகள் இருந்த மாதிரிகளிலும் வேலை செய்யும் செல்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஆனால் பாதுகாப்பும் மனிதர் கையில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு தனியார் வங்கியின் தொட்டிகளில் வெப்பநிலை தவறி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் சேமிப்பு சேதமானதை அந்நாட்டு சுகாதார அமைச்சகம் 2023 நவம்பரில் அறிவித்தது. சேமிப்பில் உள்ளதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பதால், கெட்டுப்போனதும் வெகுநாள் தெரியாமலே இருக்கும்.

மூன்றாவதாக ஒரு நடுவழியை முன்வைக்கிறார்கள். 2017 முதல் இந்தியாவில் சமூக வங்கி என்ற முறை வந்திருக்கிறது. பணம் கட்டிய எல்லோருடைய ரத்தமும் ஒரே தொகுப்பு; உறுப்பினர் யாருக்குத் தேவை வந்தாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தனியாகப் பூட்டி வைப்பதைவிட இது அறிவுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதை விற்கும்போதே, உங்கள் பை உங்களுக்கு உதவாது, பிறர் பைதான் உதவும் என்பதை ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதை ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் பிறர் பணம் கட்டியவராக மட்டும் ஏன் இருக்க வேண்டும்? பொதுக் குளத்தைச் சுற்றி வேலி போட்டு, தெருவாசிகளிடம் மட்டும் சாவி கொடுத்ததுபோல இருக்கிறது இது. தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பேரின் பெற்றோரால் அந்தச் சாவியை வாங்க முடியும்? பொது வங்கியில் பொருத்தம் மட்டுமே கேட்கப்படுகிறது. முன்பே கொடுத்தாயா, சந்தா கட்டினாயா என்று கேட்பதில்லை. ஒப்புரவுக்கும் கூட்டுச் சீட்டுக்கும் இதுதான் தூரம்.

நான்காவது மறுப்பு நடைமுறையைச் சார்ந்தது. அதை மழுப்ப முடியாது. நம் நாட்டில் பொது வங்கிகள் மிகச் சில. சேகரிப்புக்கும் சோதனைக்கும் சேமிப்புக்கும் ஆகும் செலவை, எப்போதாவது போகும் ஒரு பையின் கட்டணம் ஈடுகட்டுவதில்லை. எனவே பெரும்பாலான ஊர்களில் கொடுக்க நினைத்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. இதோடு மருத்துவமும் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. பாதி பொருந்தும் பெற்றோரிடமோ உடன்பிறப்பிடமோ எடுத்துச் செய்யும் மாற்று இப்போது நல்ல பலன் தருகிறது. பெரியவர்களிடம் இரண்டு பை தொப்புள்கொடி ரத்தத்தோடு அதை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில் உயிர் பிழைத்தோர் விகிதம் பாதிப் பொருத்தக்காரர் பக்கமே கூடுதலாக இருந்தது. அப்படியானால் உறவே வென்றுவிட்டதே என்று கேட்கலாம். அங்கேயும் நோயாளியைக் காப்பது பொருந்தாத அந்த மறுபாதிதான். தானல்லாத ஒன்றின் உதவி என்ற உண்மை மாறவில்லை. மாறியது காலம் மட்டுமே. இன்று பூட்டி வைத்து என்றோ எடுப்பதற்குப் பதிலாக, தேவை வரும் நாளில் உயிரோடு இருப்பவர் தம் உடலிலிருந்து கொடுக்கிறார்.

இந்தக் கடைசி மறுப்பு என் வாதத்தைக் குலைப்பதாக நான் கருதவில்லை. அதற்கு வழி காட்டுகிறது. குழந்தையினுடையதைக் கொடுக்க வாய்ப்பில்லாத ஊரில், பெற்றோர் தம்முடையதைக் கொடுக்கலாம். 2009-ல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடுகளில் 18 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள் பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் திசு அடையாளம் பதிவாகும். பொருத்தம் வந்து அழைத்தால், ஐந்து நாள் ஊசிக்குப் பிறகு, ரத்தத் தட்டணுக்கள் எடுப்பதுபோலவே பெரும்பாலும் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிப் பேருக்குமேல் இருந்தும் இந்தியர் பங்கு மிகக் குறைவு. பொருத்தம் தேடும் ஓர் இந்திய நோயாளிக்கு இதனாலேயே கதவுகள் மூடுகின்றன. பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கும் தம்பதி, மருத்துவரிடம் கிளாம்பை ஒரு நிமிடமாவது பொறுத்துப் போடச் சொல்லட்டும். வீட்டில் நோயுள்ள குழந்தை இருந்தால் மருத்துவமனையோடு பேசிச் சேமிக்கட்டும். பொது வங்கி எட்டும் தூரத்தில் இருந்தால் மிஞ்சியதைக் கொடுக்கட்டும். எதுவும் இயலாவிட்டால் அந்த ரத்தத்தை மன உறுத்தல் இன்றி விட்டுவிட்டு, தங்கள் இருவர் பெயரையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும். தன் பிள்ளைக்கென்று ஒரு பையை வாங்கியவர், உலகத்தில் தன் பிள்ளைக்கு உதவக்கூடியவர்களின் எண்ணிக்கையில் ஒருவரையும் கூட்டவில்லை. பெயர் எழுதிக்கொண்டவர், யாரோ ஒருவரின் பிள்ளைக்கு அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டியிருக்கிறார். அதேபோல அந்த யாரோ ஒருவரும் எழுதிக்கொண்டால்தான் தன் பிள்ளைக்கும் அது கூடும்.